கூழ்ப் பானையும் பி.ஹெச். தாளும்

அப்பாவின் குடல் நலத்துக்காக வீட்டில் வைக்கும் கம்பங்கூழைப் பற்றிச் சொல்ல, கம்பு வாங்குவதில் இருந்துதான் தொடங்க வேண்டும். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் கம்பு மாவு பாக்கெட்டாகவே கிடைக்கிறது. அதை நான் வாங்குவதில்லை. கம்பில் எண்ணெய்ச் சத்து மற்ற பல தானியங்களைவிட அதிகம், 100 கிராமுக்கு 5 கிராம் அளவில் இருக்கும். முழு மணியாக இருக்கும்வரை அது பத்திரம். அரைத்த பிறகு மாவில் உள்ள லைபேஸ் நொதி அந்த எண்ணெயை உடைக்க ஆரம்பிக்கும். சில நாளில் மாவு கசந்து ஒரு சிக்கு வாடை வந்துவிடும். அதனால் விருத்தாசலம் பக்கத்திலிருந்து வரும் முழுக் கம்பை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைக்குத் தேவை உடைத்துக்கொள்கிறேன்.

இந்த வேலையெல்லாம் அப்பாவுக்காக ஆரம்பித்தது. அவருக்கு 66 வயது. மலத்தில் ரத்தம் தெரிந்தது. மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவரைத் தம்பிதான் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி பார்க்க வைத்தான். பெருங்குடலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிய பாலிப், அதாவது சதை வளர்ச்சி, ஒன்று இருந்தது. கேமராவோடு உள்ளே போன கம்பி வளையத்தாலேயே அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் அடினோமா என்று வந்தது, புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் பல வருஷத்தில் புற்றாக மாறியிருக்கக்கூடிய வகை என்று மருத்துவர் விளக்கினார். மூன்று வருஷத்தில் மறுபடி கேமரா பார்க்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்டுங்கள் என்றார்.

அன்று சாயங்காலத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று அனுப்ப ஆரம்பித்தார்கள். மஞ்சள் மாத்திரை, நல்ல கிருமிகளை அடைத்த புரோபயாட்டிக் கேப்ஸ்யூல், நெல்லிச் சாறு, எதற்கும் ஒரு விலை. நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். எதைச் சாப்பிட்டால் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்தால்தான் அப்பாவுக்கு எதையும் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். படித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: வெளியிலிருந்து புதுக் கிருமியைக் கொண்டுபோய் இறக்குவதைவிட, ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் கிருமிகளுக்குத் தினமும் சோறு போடுவது முக்கியம். அவற்றின் சோறு நார்ச்சத்தும், சிறுகுடலில் செரிக்காமல் கீழே இறங்கும் மாவுச்சத்தும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் இவற்றைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். புற்றுச் செல் குளுக்கோஸை எரித்து வளர்கிறது. பியூட்டிரேட்டை அது சரியாகப் பயன்படுத்துவதில்லை. எரியாத பியூட்டிரேட் செல்லின் கருவுக்குள் சேர்ந்து, ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது, செல் பெருக்கம் அடங்குகிறது. ஒரே பொருள் நல்ல செல்லுக்கு உணவாகவும் கெட்ட செல்லுக்குத் தடையாகவும் வேலை செய்வதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

நார்ச்சத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை உலகம் கவனிக்க வைத்தவர் டெனிஸ் பர்கிட். உகாண்டாவில் பல வருஷம் அறுவை மருத்துவராக இருந்தவர். முழுத் தானியமும் கிழங்கும் சாப்பிடும் கிராமத்து மக்களிடம் பெருங்குடல் புற்று மிக அரிது என்பதை 1971-இல் எழுதினார். 2015-இல் வந்த ஒரு பரிசோதனை அதைவிட அழுத்தமானது. தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகளையும் அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களையும் தலா 20 பேராக எடுத்து, இரண்டு வாரம் இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும் அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளைக்கு 55 கிராம் வரை ஏறியது. அவர்கள் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது, உட்சுவரின் அழற்சி குறைந்தது. கொழுப்பும் இறைச்சியும் கூடிய உணவுக்கு மாறிய ஆப்பிரிக்கர்களுக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. பதினான்கு நாளில் குடல் இவ்வளவு மாறுகிறது என்றால் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அந்தச் சக்தி இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியில்லை. அப்பாவைப் போலவே பாலிப் எடுத்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையின் முடிவு 2000-இல் வந்தது. நான்கு வருஷம் கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்தும் காய்கனியும் கூட்டிச் சாப்பிட்ட குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் பாலிப் திரும்ப வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. பல லட்சம் பேரை நீண்ட காலம் கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மட்டும், நாளைக்கு 10 கிராம் நார்ச்சத்து கூடினால் பெருங்குடல் புற்றின் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைவாக இருக்கிறது. என் கணக்கில் இது பல வருஷப் பழக்கத்தின் பலன். நான்கு வருஷத்தில் மருந்துபோல் காட்டிவிட முடியாது. அதனால் கூழ் குடிக்கிறோம் என்று கேமராவைத் தள்ளிப்போடும் பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை.

சரி, பானைக்கு வருகிறேன்.

மூன்று பேருக்குக் கால் கிலோ கம்பு, இரண்டு வேளைக்கு வரும். கல் அரித்துக் கழுவி, தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் ஊற விட்டால் மேல்தோல் இளகும். அம்மா உரலில் இடித்துத்தான் பழகியவர். இப்போது மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுகிறோம். பிறகு முறத்தில் புடைக்க வேண்டும். அம்மா வெள்ளை வெளேரென்று வரும்வரை புடைப்பார். அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். அந்தத் தவிட்டில்தான் நார்ச்சத்தும், பாலிபினால் எனப்படும் துவர்ப்புச் சத்துகளும் அதிகம். தொண்டையில் குத்தும் உமியை மட்டும் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறோம். நிறம் கொஞ்சம் சாம்பலாக வரும், மணம் கூடும்.

குருணையாக உடைத்ததைத் தண்ணீரில் கரைத்து, முந்தின நாள் கூழில் ஒரு கரண்டி ஊற்றி, துணி கட்டி ராத்திரி முழுக்க வைக்கிறோம். இது முதல் புளிப்பு. காலையில் நொய்யரிசியை வேகவிட்டு, அது குழைந்ததும் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிளற வேண்டும். அடுப்பை மிதமாக வைத்து, கை ஓயாமல் கிளறினால்தான் கட்டி தட்டாது. தண்ணீர் தொட்ட விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்து மண்பானைத் தண்ணீரில் போட்டு, மறுபடி ஒரு ராத்திரி. இது இரண்டாம் புளிப்பு. மறுநாள் காலை அந்தத் தண்ணீரிலேயே கரைத்து, மோர் ஊற்றி, உப்பு கொஞ்சமாகப் போட்டுக் குடிப்பது.

இரண்டு தடவை ஏன் புளிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முதல் புளிப்பில் வளரும் லாக்டிக் பாக்டீரியாக்கள் அடுப்பில் ஏற்றியதும் செத்துவிடும். ஆனால் அவை செய்த வேலை நிற்கும். தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் அந்தப் புளிப்பில் உடைகிறது, மாவு இளகுகிறது. இரண்டாவது புளிப்பு வெந்த பிறகு நடப்பதால் அதில் இருக்கும் பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குப் போகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது, அவிழ்ந்து கிடந்த அமைலோஸ் இழைகள் மறுபடி நெருங்கி இறுகிப் படிகமாகின்றன. நம் செரிமான நொதிகள் அதை எளிதில் உடைக்க முடியாது, அது பெருங்குடல்வரை போய்ச் சேரும். சோற்றில் இதை அளந்திருக்கிறார்கள். சுடு வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்த செரிக்காத மாவுச்சத்து, 10 மணி நேரம் வெளியே ஆறியதும் 1.30 ஆனது. 24 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துச் சுட வைத்தபோது 1.65. பழைய சோற்றின் கணக்கும் இதுதான். அளவு சின்னதுதான், ஆனால் தினமும் ஒரு வேளை என்றால் சேரும்.

புளிப்பு எவ்வளவு என்று எண்ணில் சொல்லும் பி.ஹெச். அளவைப் பார்ப்பது என் ஆசைக்காகச் சேர்த்தது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். இன்றைக்கு அதில்லாமல் பானையைத் திறக்க மனம் வருவதில்லை. 3.8-இல் இருந்து 5.5 வரை காட்டும் குறுகிய அளவுத் தாள் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். எல்லா அளவும் காட்டும் சாதாரணத் தாள் இதற்கு உதவாது, நிறம் தெளிவாகப் பிரியாது. கூழ் கலங்கலாக இருப்பதால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துத் தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் தாளில் தொட வேண்டும். தொட்டதைப் பானையில் திரும்ப ஊற்றக் கூடாது. கரைத்த உடனே மாவு தாளின் மேல் எல்லையான 5.5-இலேயே நிற்கும். பழைய கூழ் ஊற்றி வைத்தால் விடிவதற்குள் 4.5-க்குக் கீழே வந்துவிடுகிறது. ஊற்றாமல் வைத்தால் அந்த அளவுக்கு வர இன்னும் பாதி நாள் ஆகிறது, மணமும் அவ்வளவு சுத்தமாக இல்லை.

இந்த 4.5 எனக்கு ஏன் முக்கியம் என்றால், வெந்த சோற்றையும் களியையும் வெளியே வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரலாம். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. பி.ஹெச். வேகமாக இறங்கினால் அந்தக் கிருமிக்குப் பெருக இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் இரண்டாம் புளிப்பிலும் வெறும் தண்ணீரில் உருண்டையைப் போடாமல், முந்தின நாள் புளித்த நீரை ஒரு டம்ளர் கலந்து வைக்கிறோம். களி சுடச்சுட இருக்கும்போது ஊற்றினால் அந்த நீரில் உள்ள நல்ல பாக்டீரியா செத்துப்போகும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற வேண்டும், ஆனால் மணிக்கணக்கில் திறந்து போடவும் கூடாது. நூல் நூலாக இழுத்தாலோ, இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தாலோ, புளித்த மணத்துக்குப் பதில் அழுகல் நாற்றம் அடித்தாலோ தாள் என்ன காட்டினாலும் முழுப் பானையையும் கொட்டிவிட வேண்டும். மேலே வழித்துப் போட்டுவிட்டுக் கீழே இருப்பதைக் குடிப்பது வேண்டாம்.

பானை விஷயத்தில் எனக்கு ஆசான் மஞ்சக்குப்பத்தில் தள்ளுவண்டியில் கூழ் விற்கும் அக்கா. எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் சித்திரை வெயிலுக்குப் பல்லைக் கூசும் புளிப்பு வருகிறது என்று சொன்னேன். "சில்வர்ல வச்சா அப்படித்தான் டீச்சர் கடுத்துப்போவும். மண்பானைல வைங்க. சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க, சுடுதண்ணி ஊத்தி அலசி வெயில்ல கவுத்துப் போடுங்க, போதும்" என்றார். மண்பானையின் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே வெளிச்சூட்டைவிடக் கொஞ்சம் குளுமையாக இருக்கும். புளிப்பு நிதானமாக ஏறும். நுண்துளைகளில் தங்கும் பாக்டீரியா அடுத்த நாளைக்கு உறையாகவும் உதவும். சோப்பையும் அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அவர் சொன்னது இரண்டு வகையிலும் சரி. பழகிய மண்பானையில் வைத்த கூழ் தினமும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுகிறது. மழைக் காலத்தில் மட்டும் ஐப்பசி கார்த்திகையில் சுணங்கும். அப்போது பழைய கூழை இரண்டு கரண்டியாக்கி, பானையை அடுப்பு மேடைக்கு அருகில் நகர்த்திவிடுகிறோம்.

அப்பாவுக்கு முதலில் அரை டம்ளர்தான். வெள்ளை அரிசியும் மைதாவும் சாப்பிட்டுப் பழகிய குடலுக்குத் திடீரென்று நார்ச்சத்தைக் கொட்டினால் வயிறு உப்பும், வாயு பிரியும். "ராத்திரியெல்லாம் வயிறு கடமுடாங்குதும்மா" என்றார். பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே புளிக்கிறது என்பதற்கு அடையாளம். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, தண்ணீரும் கூட்டினோம். மாதம் திரும்பும் முன் ஒரு செம்பு குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார், மலச்சிக்கலும் போய்விட்டது. கூழ் இட்லிக்குப் பதிலாகத்தான், இட்லிக்கு மேல் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும், கரைத்த தானியம் என்றாலும் அது தானியம்தான். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் தினமும் கம்பாகவே குடிக்காமல் கேழ்வரகோடு மாற்றிக்கொள்வது நல்லது. கம்பில் உள்ள சில ஃபிளேவனாய்டுகள் தைராய்டு சுரப்புக்கு இடைஞ்சல் செய்யும்.

மோருக்கான தயிர் வீட்டில் உறை ஊற்றியதுதான். கடையில் புரோபயாட்டிக் என்று போட்டு விற்கும் தயிருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பலரும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 2001-இல் சொன்ன வரையறைப்படி, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிதான் புரோபயாட்டிக். எந்த இனம், எந்த வகை, எத்தனை கோடி, என்ன நன்மை என்று காட்டியிருக்க வேண்டும். நம் வீட்டுத் தயிரில் என்ன இருக்கிறது என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அதனால் அதை மருந்தாகச் சொல்ல மாட்டேன், நல்ல உணவு என்று சொல்வேன். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வாரம் புளித்த உணவுகளைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. பாலில் வேறொரு நன்மையும் சேர்கிறது. பிரிட்டனில் 5 லட்சத்து 42 ஆயிரம் பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2025-இல் வெளியான ஆய்வில், நாளைக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றின் ஆபத்து 17 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு பெரிய டம்ளர் பால் அல்லது அதே அளவு தயிர் அந்த 300-ஐத் தரும். கேழ்வரகிலும் கால்சியம் நிறைய.

கேப்ஸ்யூலைப் பற்றி என் முடிவு வேறு. பாலிப் எடுத்த 398 பேரை வைத்து ஜப்பானில் செய்த சோதனையின் முடிவு 2005-இல் வந்தது. லாக்டோபேசில்லஸ் கேசி என்ற பாக்டீரியாவைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு, மோசமான தன்மையுள்ள பாலிப்கள் திரும்ப வருவது குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வகைக்குச் சொன்னது. பெட்டியில் வேறு பெயர் போட்ட மாத்திரைக்கு அது சாட்சி ஆகாது. ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகு புரோபயாட்டிக் மாத்திரை போட்டுக்கொண்டவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியா திரும்பி வருவது தாமதமானதை 2018-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தம்பி வாங்கி வந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்குப் பச்சைப் பயறும் கீரையும் வாங்கச் சொன்னேன்.

மஞ்சளைப் பற்றி நிறைய ஆசையோடு படித்தேன். மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லை அடக்குகிறது. உடம்புக்குள் அது எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. மிளகில் உள்ள பைப்பரினோடு கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் கண்டார்கள். பெருங்குடலைப் பொறுத்தவரை உறிஞ்சப்படாத மஞ்சள் நேரே அங்கே போய்ச் சேர்கிறது என்பதும் ஒரு சாதகம். 2011-இல் வந்த ஒரு சிறு ஆய்வில் நாளைக்கு 4 கிராம் குர்குமின் 30 நாள் எடுத்த புகைப்பிடிப்பவர்களுக்கு, பாலிப்புக்கு முந்தைய சிறு மாற்றங்கள் 40 சதவீதம் குறைந்தன. ஆனால் குடும்பவழியாக நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் நோயாளிகளுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட சோதனையில் பயன் எதுவும் தெரியவில்லை. மஞ்சள், மிளகுச் சத்து சேர்ந்த அடர் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. ஆகையால் எங்கள் வீட்டில் மஞ்சள் குழம்பிலும் ரசத்திலும் போதும். விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்கிறோம், மிளகு எப்படியும் ரசத்தில் கூடவே வருகிறது.

கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்தை நான் மஞ்சளைவிட மேலாக வைப்பேன். பச்சையாகக் கடிக்கும்போது அதில் உள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கி, பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கிருமிக்கு உணவாகிறது. கூழும் வெங்காயமும் என்று நம்மவர்கள் சேர்த்த ஜோடி இந்தக் கோணத்தில் அற்புதமானது. பூண்டை நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்துவிட்டுத்தான் எண்ணெயில் போடுகிறேன். நசுக்கினால்தான் அலினேஸ் நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகும். உடனே சூடேற்றினால் நொதி செத்துவிடும். முட்டைக்கோஸுக்கும் இதே கணக்கு. நறுக்கி அரை மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டு, மூடி போட்டுக் கொஞ்ச நேரமே வேகவிட வேண்டும். குழைய வெந்துவிட்டால், இறக்கி ஆறிய பின் ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுப் பொடி தூவலாம். கோஸில் செத்துப்போன, அதன் காரச் சத்தை உண்டாக்கும் மைரோசினேஸ் நொதி அந்தக் கடுகில் உயிரோடு இருக்கும். தாளித்த கடுகில் இருக்காது. நெல்லிக்காயில் எல்லாஜிடானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அதைக் குடல் பாக்டீரியாதான் யூரோலித்தின் என்ற உபயோகமான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பாக்டீரியா நலமாக இல்லாதவர் எவ்வளவு நெல்லிச் சாறு குடித்தாலும் அந்தப் பலன் குறைவுதான்.

கணக்கு போட்டுப் பார்த்தது இப்படி வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில், 100 கிராம் கம்பில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல், கேழ்வரகிலும் 11, முழுப் பச்சைப் பயறில் 17, முருங்கைக்கீரையில் 8, தீட்டிய பச்சரிசியில் 3-க்கும் குறைவு. மூன்று வேளையும் அரிசியாக அப்பா சாப்பிட்ட நாளில் காய்கறியோடு சேர்த்து 15 கிராம் தேறுவதே கஷ்டம். இன்று 60 கிராம் கம்பில் கூழ், சாயங்காலம் ஒரு கைப்பிடி பயறுச் சுண்டல், மதியம் ஒரு கீரை. அதுவே கூடுதலாக 15 கிராமுக்கு மேல் தருகிறது. பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை இப்போது தாண்டிவிட்டோம். பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் கொட்டையை அவித்து ஆறவைத்துக் குழம்பில் போடுகிறோம், அதிலும் செரிக்காத மாவுச்சத்து நிறைய.

கூட்டுவதைப் போலக் குறைப்பதும் வேண்டும். பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், சலாமி வகைகள், பெருங்குடல் புற்றை உண்டாக்கும் என்று 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பட்டியலில் வைத்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடும். எங்கள் வீட்டில் அது இல்லை. மது இருந்தது. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி எவ்வளவு பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. கள்ளும் புளித்ததுதானே, வயிற்றுக்கு நல்லதுதானே என்று அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கேட்டார். ஆல்கஹால் உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறி டி.என்.ஏ.வைச் சிதைக்கும், பெருங்குடல் புற்றுக்கு அது நிரூபணமான காரணம். கள்ளில் எத்தனை பாக்டீரியா இருந்தாலும் அது மாறாது. அப்பா நிறுத்திவிட்டார். இந்தப் பதிவில் உள்ள எல்லாவற்றிலும் அவர் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு இருந்தது பெரிய அடினோமா என்பதால் பிள்ளைகளும் 40 வயதிலேயே கொலனோஸ்கோபி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். எனக்குப் பார்த்தாகிவிட்டது, சுத்தமாக இருந்தது. தம்பிக்கு இந்த வருஷம். பெருங்குடலுக்கென்று தேசிய அளவில் பரிசோதனைத் திட்டம் நம் நாட்டில் இல்லை. வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான் இருக்கிறது. ஆகவே மலத்தில் ரத்தம், புதிதாக வந்த மலச்சிக்கல் அல்லது பேதி, காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைதல் என்று எது தெரிந்தாலும் நாமேதான் கேட்டுப் போக வேண்டும். மூலம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. நம் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலேயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது.

தெருவில் இன்னொரு வீட்டுப் பெரியம்மாவுக்குக் கீமோதெரபி நடக்கிறது. அப்பாவைப் பார்த்துவிட்டு அவர் மகளும் கூழ் கேட்டு வந்தாள். உறை நீர் கொடுக்கவில்லை. கீமோவில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது நமக்கு நன்மை செய்யும் அதே உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் நுழைந்து தொற்றாகலாம். குடலில் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில காலம் நார்ச்சத்தே குறைவாகத்தான் கொடுப்பார்கள். அவளிடம், பெரியம்மாவின் மருத்துவரிடமும் மருத்துவமனை உணவு ஆலோசகரிடமும் கேட்டுவிட்டு வா என்றேன். முதல் புளிப்பு முடிந்த மாவை நன்றாகக் கொதிக்க வைத்து, இரண்டாம் புளிப்பும் மோரும் இல்லாமல் சுடச்சுடக் கஞ்சியாகக் கொடுக்கலாமா என்று குறிப்பாகக் கேட்கச் சொன்னேன். கொடுக்கலாம், ஆனால் உமி முழுக்க நீக்கிய கேழ்வரகில், நீர்க்கக் காய்ச்சி, ஒரு வேளைக்கு ஒரு கப் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மாவை அம்மா இப்போது தனிப் பாத்திரத்தில் கரைத்து வைக்கிறார்.